தனியாக நின்ற நடுவர்: ஓர் இளையோர் லக்ராஸ் ஆட்டத்தின் நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில், பால்டிமோரை ஒட்டிய ஒரு புறநகரில், ஏப்ரல் மாதக் கடைசிச் சனிக்கிழமை நடந்த ஆட்டம் இது. 14 வயதுக்கு உட்பட்ட பையன்களின் லக்ராஸ், அதாவது வலை கட்டிய மட்டையில் பந்தை ஏந்தி ஓடி, எறிந்து கோல் போடும் ஆட்டம். இரண்டு நடுவர்கள் நிற்க வேண்டிய ஆட்டத்தை ஒருவர் நடத்தினார். அவருக்கு வயது 19, அது அவருடைய ஐந்தாவது ஆட்டம். அவரைத் தனியாக நிற்கச் சொன்னது நான். எங்கள் வட்டார நடுவர் சங்கத்தில் எந்த ஆட்டத்துக்கு யார் என்று ஒதுக்கும் பொறுப்பு அப்போது என்னிடம் இருந்தது. ஆள், அணி, மைதானம் எதையும் அடையாளம் தெரியும்படி எழுதவில்லை. அந்த நடுவரும், காயம்பட்ட பையனின் பெற்றோரும் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே இதை வெளியிடுகிறேன்.

பின்னணி

லக்ராஸ் வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஆட்டம். அவர்களில் ஹோடனோஷோனி மக்கள் இன்றும் இதைப் படைத்தவனுக்கு உகந்த ஆட்டமாகவே ஆடுகிறார்கள். மேரிலாண்டில் இதற்குத் தனி மரியாதை உண்டு. 2004இல் மாநிலத்தின் அதிகாரப்பூர்வக் குழு விளையாட்டாக அறிவித்தார்கள். வசந்தகால வாரக் கடைசிகளில் இங்கே எந்தப் பள்ளி மைதானத்தைக் கடந்தாலும் வலை கட்டிய மட்டையோடு பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்கலாம்.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தனி நடுவரின் சிக்கல் புரியாது. மைதானம் 110 கெஜம் நீளம், 60 கெஜம் அகலம். அணிக்குப் பத்துப் பேர். கோல் கம்பங்கள் எல்லைக் கோட்டில் இல்லை. அவற்றுக்குப் பின்னால் இன்னும் 15 கெஜம் ஆடுகளம் இருக்கிறது. ஆகவே கோலுக்கு முன்னாலும் ஆட்டம் நடக்கும், பின்னாலும் நடக்கும். பந்து கெட்டி ரப்பர், ஏறக்குறைய 145 கிராம். உடம்போடு உடம்பு மோதலாம், ஆனால் பந்து வைத்திருப்பவனையோ பந்துக்குப் பக்கத்தில் இருப்பவனையோ மட்டும்தான். அதுவும் முன்பக்கத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ, கழுத்துக்குக் கீழே.

இதில் இரண்டு விதிகள் தனி நடுவரை இரண்டாகக் கிழிக்கும். ஒன்று ஆஃப்சைட். ஓர் அணி எதிராளியின் பாதியில் ஆறு பேருக்கு மேலோ, தன் பாதியில் ஏழு பேருக்கு மேலோ வைத்திருக்கக் கூடாது. இதைப் பார்க்க நடுக்கோட்டில் கண் வேண்டும். இன்னொன்று, கோலை நோக்கி எறிந்த பந்து வெளியே போனால் அது யாருக்கு என்பது. கடைசியாகத் தொட்டவரை இங்கே பார்ப்பதில்லை. பந்து கோட்டைத் தாண்டும் நொடியில் அதற்கு மிக அருகில் இருந்தவனின் அணிக்குப் பந்து. இதைப் பார்க்க இறுதிக்கோட்டில் கண் வேண்டும். இந்த இரண்டு கோடுகளுக்கும் இடையில் 55 கெஜம். இரண்டு நடுவர்கள் இருந்தால் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் நின்று பிரித்துக்கொள்வார்கள். அதைவிட முக்கியம், ஒருவர் பந்தோடு போகும்போது மற்றவர் பந்து போய்விட்ட இடத்தைப் பார்ப்பார். முரட்டு மோதல்கள் பெரும்பாலும் பந்து போய்விட்ட இடத்தில்தான் நடக்கும்.

அந்தப் புதிய நடுவர் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவர். உயர்நிலைப் பள்ளியில் நான்கு ஆண்டுகள் நடுக்களத்தில் ஆடியவர். வகுப்பறைப் பயிற்சி, விதித் தேர்வு, ஒரு நாள் களப்பயிற்சி எல்லாம் முடித்திருந்தார். நான்கு ஆட்டங்களில் மூத்த நடுவரோடு நின்றிருந்தார். நல்ல கால், நல்ல குரல். எனக்கு அவர்மேல் நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையைத்தான் நான் தப்பான இடத்தில் பயன்படுத்தினேன்.

ஆட்டத்துக்கு முந்தைய அரை மணி நேரம்

ஆட்டம் மாலை 4 மணிக்கு. 3.30க்கு அவரோடு நிற்க வேண்டிய மூத்த நடுவர் என்னைக் கூப்பிட்டார். வேறொரு மைதானத்தில் முந்தைய ஆட்டத்தில் கெண்டைக்கால் தசை பிடித்துக்கொண்டது, நடக்கவே முடியவில்லை என்றார். எனக்குத் தெரிந்த ஐந்து பேருக்கு அடித்துப் பார்த்தேன், யாரும் சும்மா இல்லை. நடுவர் பற்றாக்குறை எங்கள் ஊர்ச் சிக்கல் மட்டும் இல்லை. 2018–19க்குப் பிறகு மூன்று நான்கு ஆண்டுகளில் அமெரிக்கா முழுக்கப் பள்ளி விளையாட்டுகளிலிருந்து சுமார் 50,000 நடுவர்கள் விலகியதாக உயர்நிலைப் பள்ளிகளின் தேசியக் கூட்டமைப்பே சொன்னது.

3.38க்கு அந்தப் புதிய நடுவரைக் கூப்பிட்டேன். "இன்னைக்குத் தனியாத்தான் நிக்கணும். உன்னால முடியும்" என்றேன். ஒரு நொடி மௌனம். அப்புறம் "சரி" என்றார். முடியுமா என்று நான் கேட்கவில்லை என்பதை ஆட்டம் முடிந்த பிறகுதான் உணர்ந்தேன். அதே பள்ளி வளாகத்தின் இன்னொரு மைதானத்தில் பத்து வயதுக் குழந்தைகளின் ஆட்டத்துக்கு இரண்டு நடுவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரை இங்கே மாற்றியிருக்கலாம். அந்த அட்டவணை என் கண் முன்னால்தான் இருந்தது.

கிடைத்த இருபது நிமிடத்தில் அவர் செய்தவற்றில் பெரும்பாலானவை சரி. இரு பயிற்சியாளர்களையும் சந்தித்து, பிள்ளைகள் விதிப்படி கவசம் அணிந்திருக்கிறார்களா என்று உறுதி கேட்டார். மார்புக் கவசத்தை மட்டும் தனியாகக் கேட்டார். இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட நொடியில் நெஞ்சில் பந்து பட்டால் இதயம் நின்றுபோகும் ஆபத்து இந்த ஆட்டத்தில் உண்டு. அதைத் தடுக்கவென்று வகுத்த என்டி 200 தரத்தில் கவசம் வேண்டும் என்பது 2021இல் கோல்கீப்பர்களுக்கும் 2022இல் மற்ற ஆட்டக்காரர்களுக்கும் கட்டாயமானது. அதோடு இதய மின்னதிர்ச்சிக் கருவி எங்கே இருக்கிறது என்றும் கேட்டார். பள்ளிக் கட்டடத்துக்குள், பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தது. சாவி வந்து, கருவி நேரக்காப்பு மேசைக்கு வந்த பிறகுதான் ஆட்டத்தைத் தொடங்கினார். ஏழு நிமிடம் தாமதம். ஐந்தாவது ஆட்டத்தில் நிற்கும் ஒருவர் இதற்காகக் காத்திருந்தது பெரிய விஷயம்.

செய்யாமல் விட்டது ஒன்று உண்டு. தனி ஆளாக எதைப் பார்ப்பேன், எதைப் பார்க்க முடியாது என்பதை அவர் பயிற்சியாளர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆட்டம் கைவிட்டுப் போகும் என்று பயந்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார். அப்படிச் சொல்லலாம் என்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவும் இல்லை.

முதல் பாதி

தொடக்கத்தில் அவர் கால்பந்து நடுவர் போல ஆட்டத்தின் நடுவே ஓடினார். நாலாவது நிமிடத்தில் நீல அணியின் எறி ஒன்று கோலுக்கு மேலே போய் இறுதிக்கோட்டைத் தாண்டியது. இரண்டு பேர் அதை நோக்கி ஓடினார்கள். அவர் 25 கெஜம் தள்ளி, கோலுக்கு முன்பக்கம் நின்றிருந்தார். வலை மறைத்தது. ஊகித்து நீலத்துக்குக் கொடுத்தார். வெள்ளை அணியின் பெஞ்சிலிருந்து கூச்சல் கிளம்பியது.

அடுத்த முறை ஆட்டம் நின்றபோது தன் இடத்தை மாற்றிக்கொண்டார். கோல் கோட்டின் நீட்சியில், பக்கவாட்டில் நின்றால் கோலும் தெரியும், கோல்கீப்பரைச் சுற்றியுள்ள வட்டமும் தெரியும், பின்னால் இருக்கும் இறுதிக்கோடும் ஓரளவு தெரியும். சரியான திருத்தம், யாரும் சொல்லாமல் தானே கண்டுபிடித்தது. ஆனால் அங்கே நிற்பவர், பந்து கைமாறி மறுபக்கம் பாயும்போது எல்லாருக்கும் பின்னால் மூச்சிரைக்க ஓடிவர வேண்டும். நடுக்கோட்டைப் பார்க்கவே முடியாது.

இரண்டாம் கால்பகுதியில் ஆஃப்சைட் இரண்டு முறை அவர் கண்ணில் படாமல் போனது. இரண்டாவது முறை வெள்ளை அணிப் பயிற்சியாளர் மைதானம் முழுக்கக் கேட்கும்படி "எண்ணத் தெரியாதா?" என்று கத்தினார். பெற்றோர் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. இடைவேளையின்போது வெள்ளை 4, நீலம் 3. ஆட்டம் இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் மோசமாக இல்லை.

நான் இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தக் கத்தல்தான் அடுத்து நடந்ததற்கு வழி வைத்தது. ஆஃப்சைட் என்பது பந்தை மட்டும் கைமாற்றும் சின்னத் தவறு. அதில் யாருக்கும் அடிபடாது. ஆனால் நடுவரின் காதில் விழுந்தது அதுதான், அதனால் அவர் கண்ணும் அங்கேயே போய் நின்றது.

மூன்றாம் கால்பகுதி: பார்க்காமல் போன மோதல்

ஆறாவது நிமிடம். வெள்ளை அணியின் பையன் ஒருவன் தன் பாதியிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, நடுக்கோட்டுக்கு அப்பால் இருந்த தன் ஆளுக்கு நீளமாக எறிந்தான். எறிந்ததும் நடுவர் திரும்பி நடுக்கோட்டில் ஆட்களை எண்ணினார். இந்த முறை விடக்கூடாது என்று நினைத்தாராம். எண்ணிக்கொண்டிருக்கும்போதே முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். பிளாஸ்டிக்கில் பிளாஸ்டிக் மோதும், உள்ளே காலியான சத்தம். மட்டையில் மட்டை படும் சத்தம் வேறு, தோள்கவசத்தில் படும் சத்தம் வேறு. தலைக்கவசத்தில் பட்டதை ஆடியவர்கள் காதாலேயே சொல்லிவிடுவார்கள்.

திரும்பிப் பார்த்தபோது எறிந்த பையன் ஒரு முழங்காலில் இருந்தான். மட்டை மூன்றடி தள்ளிக் கிடந்தது. நீல அணித் தடுப்பாளர் ஒருவன் பக்கத்தில் நின்றிருந்தான். அதே நேரம் மறுபக்கம் வெள்ளை அணியின் மூன்று பேர் இரண்டு தடுப்பாளர்களை எதிர்த்துக் கோலை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தார்கள்.

இரண்டு முடிவுகளை ஒரு மூச்சில் எடுக்க வேண்டியிருந்தது.

முதலாவது, ஆட்டத்தை நிறுத்துவதா என்பது. தாக்கும் அணிக்கு நல்ல வாய்ப்பு இருக்கும்போது சாதாரணக் காயத்துக்காக உடனே விசில் ஊத மாட்டார்கள். பலத்த காயம் என்று தோன்றினால் எந்த நிலையிலும் ஊதலாம். அவர் மூன்று நொடி தயங்கினார், பிறகு ஊதினார். எறி கிளம்பும் முன் ஆட்டம் நின்றது. ஒரு கோல் வாய்ப்பு போனது. வெள்ளை அணிப் பயிற்சியாளருக்குக் கோபம் இரட்டிப்பானது. தன் பையனும் அடிபட்டான், தன் வாய்ப்பும் போனது. என் கருத்தில் விசில் சரி. அந்த மூன்று நொடிகூட வேண்டியதில்லை.

இரண்டாவது, தண்டனை தருவதா என்பது. தலையில் மோதினால் விதிப்படி இரண்டு அல்லது மூன்று நிமிடம் வெளியே, எதிரணி கோல் போட்டாலும் நேரம் முடியும்வரை உள்ளே வர முடியாது. ஆனால் அவர் மோதலைப் பார்க்கவில்லை. சத்தத்தைக் கேட்டார், விளைவைப் பார்த்தார். மேசையில் இருந்த இரு பெற்றோர் பார்த்திருந்தார்கள். ஒருவர் "அது தலையில பட்டுச்சு" என்றே சொன்னார். அவர்கள் நேரமும் கணக்கும் பார்க்க வந்த தன்னார்வலர்கள், நடுவர்கள் அல்லர்.

நடுவர் தண்டனைக்கான கொடியை எறியவில்லை. வெள்ளை அணிப் பயிற்சியாளரிடம் நேராகப் போனார். "கோச், நான் பார்க்கல. பார்க்காததுக்கு என்னால தண்டனை கொடுக்க முடியாது. பந்து உங்களுக்குத்தான். இனி எறிஞ்ச ஆளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன்" என்றார். பயிற்சியாளர் தொப்பியைத் தரையில் அடித்தார். ஆனால் பதில் பேசவில்லை.

அந்தப் பையனைத் திரும்ப விடாத முடிவு

இந்த நிகழ்விலேயே நான் மிகவும் மதிக்கும் பகுதி இதுதான்.

அடிபட்ட பையன் ஒரு நிமிடத்தில் எழுந்தான். நடுவர் இரண்டடி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பையன் கையுறையால் கவசத்தின் இடப்பக்கத்தைத் தடவினான், மட்டையை எடுத்தான், நடக்கத் தொடங்கினான். நீல அணியின் பெஞ்சை நோக்கி. நாலு எட்டு வைத்த பிறகு கூட ஆடும் ஒருவன் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான். எல்லாரும் மோதலைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் இதை வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஐந்து நிமிடம் கழித்து ஆள் மாற்றும் வாசல் வழியாக அதே பையன் உள்ளே வந்தான். நடுவர் உடனே கடிகாரத்தை நிறுத்தச் சொன்னார். அவனை வெளியே அனுப்பிவிட்டுப் பயிற்சியாளரிடம், தலையில் அடிபட்டதற்கான அறிகுறியைப் பார்த்தேன், இன்று இவன் ஆட முடியாது என்றார். மருத்துவப் பயிற்சி பெற்றவர் யாரும் மைதானத்தில் இல்லை. பையன் தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தான்.

"நீ என்ன டாக்டரா?"

"இல்ல கோச். அதனாலதான்."

தலை அதிர்ச்சி ஏற்பட்டதாகச் சந்தேகம் இருந்தாலே பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும், மருத்துவ அனுமதி இல்லாமல் திரும்ப விடக் கூடாது. 2009இல் வாஷிங்டன் மாநிலம் தொடங்கிவைத்த இந்த வகைச் சட்டம் சில ஆண்டுகளிலேயே எல்லா மாநிலங்களுக்கும் வந்தது. விதி அவர் பக்கம் இருந்தது உண்மைதான். ஆனால் தொண்டை கிழியக் கத்தும் நாற்பத்தைந்து வயதுக்காரர் முன்னால் ஒரு பத்தொன்பது வயதுப் பையனுக்கு விதி தானாக வாயில் வந்துவிடாது.

இந்த நேரத்தில் பெற்றோர் பக்கத்திலிருந்து ஒருவர் கயிற்றைத் தாண்டிக் கோட்டருகே வந்து வசைபாடத் தொடங்கினார். நடுவர் அவரிடம் பேசவே இல்லை. அந்த ஆள் சார்ந்த அணியின் பயிற்சியாளரிடம் போய், அவர் கயிற்றுக்குப் பின்னால் போகும்வரை ஆட்டம் தொடங்காது என்று மட்டும் சொல்லிவிட்டு மைதானத்தின் நடுவில் போய் நின்றார். இரண்டு நிமிடம் ஆனது. பயிற்சியாளரே போய் அழைத்துக்கொண்டு விட்டுவந்தார்.

நாலாம் கால்பகுதி

தொடங்கும் முன் இரு பயிற்சியாளர்களையும் இரு அணித் தலைவர்களையும் நடுவில் கூப்பிட்டார். பந்து போன பிறகு மோதினால் எச்சரிக்கை கிடையாது, நேராக வெளியே. ஆஃப்சைட் என் கண்ணில் பட்டால் ஊதுவேன், ஆனால் அதற்காக ஆட்களை விட்டுத் திரும்ப மாட்டேன். இவ்வளவுதான் சொன்னார். ஆட்டத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தைகள் அப்போதுதான் வந்தன. வந்ததும் வேலை செய்தன.

மட்டைக் கம்பால் முதுகில் தள்ளியதற்கு ஒரு நிமிடம், தாமதமாக மோதியதற்கு ஒரு நிமிடம் என்று இரண்டு தண்டனைகள். இரண்டையும் மேசைக்கு நிறம், எண், தவறு, நேரம் என்ற வரிசையில் நின்று நிதானமாகச் சொன்னார். நீலம் 8–7 என்று வென்றது. வெள்ளை அணிப் பயிற்சியாளர் கைகுலுக்காமல் போனார்.

பிறகு நடந்தது

திங்கட்கிழமை அந்தப் பையனை மருத்துவரிடம் காட்டினார்கள். தலை அதிர்ச்சி உறுதியானது. மூன்று வாரம் கழித்து, படிப்படியாகப் பயிற்சிக்குத் திரும்பினான். அன்றே மீண்டும் ஆடி இன்னொரு அடி வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவன் அம்மா என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது.

நடுவர் அன்றிரவு எனக்கு எழுதினார்: அடுத்த வாரம் வர முடியாது, ஒருவேளை இந்தப் பருவம் முழுக்கவே. மறுநாள் ஒரு காபிக் கடையில் சந்தித்தோம். ஒரு பெற்றோர் எடுத்த காணொளி என்னிடம் வந்திருந்தது. காட்டுவதா வேண்டாமா என்று எனக்குள் ஓடியது. கடைசியில் காட்டினேன், ஏனென்றால் அவர் தன் மனதில் அதைவிட மோசமான ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார். பந்து கையை விட்டு மூன்று எட்டுக்குப் பிறகு தோள் தலைக்கவசத்தில் படுகிறது. என் கணக்கில் குறைந்தது இரண்டு நிமிடத் தண்டனை. அவர் எண்ணத் திரும்பாமல் இருந்திருந்தால் பார்த்திருப்பார். இதை மழுப்பாமல் சொன்னேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன்: இரண்டாவது நடுவர் இருந்திருந்தால் அந்த இடம் அவர் பார்வையில் இருந்திருக்கும், அவர் இல்லாமல் போனதற்குப் பொறுப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது.

அவர் காணொளியை நாலு முறை பார்த்தார். பிறகு அந்தப் பையன் தவறான பெஞ்சுக்கு நடக்கும் இடத்தில் நிறுத்தி, "இது நிஜமாவே நடந்திருக்கு. நானாக் கற்பனை பண்ணிக்கிட்டேனோன்னு பயந்தேன்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து என்னோடு ஓர் ஆட்டத்தில் நின்றார்.

என்ன மாற்றினோம்

முதல் பருவத்தில் இருப்பவரைத் தனியாக நிறுத்துவதில்லை என்று சங்கத்தில் முடிவெடுத்தோம். கூட நிற்பவர் வராவிட்டால் முதலில் பக்கத்து மைதானத்தில், சிறு குழந்தைகளின் ஆட்டத்திலிருந்து ஒருவரை இழுப்பது. அதுவும் இல்லையென்றால் ஆட்டத்தைத் தள்ளிவைப்பது. லீக் நிர்வாகிகள் முணுமுணுத்தார்கள். பெற்றோர் ஒரு மணி நேரம் காரோட்டி வந்திருப்பார்களே என்றார்கள். வந்திருப்பார்கள்தான். நான் விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த பருவத்தில் இரண்டு ஆட்டங்கள் தள்ளிப்போயின, இரண்டும் மே மாதத்துக்குள் நடந்து முடிந்தன.

அனுபவசாலி ஒருவர் தனியாக நிற்க நேர்ந்தால், ஆட்டத்துக்கு முன் இரு பயிற்சியாளர்களிடமும் சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுத்திருக்கிறோம். நான் தனி ஆள். முதலில் பிள்ளைகளின் பாதுகாப்பு, பிறகு கோல், பிறகு கோடுகள். நடுக்கோட்டில் சில தவறும். இதைக் கேட்ட பயிற்சியாளர்கள் பெரும்பாலும் தலையாட்டுகிறார்கள். சிலர் தங்கள் ஆட்களைத் தாங்களே எண்ணிக்கொள்கிறார்கள்.

நான் யாரையும் "உன்னால முடியும்" என்று சொல்லி அனுப்புவதை விட்டுவிட்டேன். "நிக்கிறியா? வேண்டாம்னா ஆட்டத்தைத் தள்ளி வெச்சுக்கலாம்" என்று கேட்கிறேன்.

கடந்த பிப்ரவரிப் புதியவர் பயிற்சியில் களப்பகுதி ஒன்றை அவரே எடுத்தார். இரண்டு பையன்களைப் பந்து எறிந்து பிடிக்கவிட்டு, பயிற்சிக்கு வந்தவர்களைப் பக்கத்தில் நிறுத்தினார். பந்து காற்றில் போனதும் எல்லாத் தலைகளும் அதோடு திரும்பின. விசில் ஊதி நிறுத்தி, எறிந்தவன் இப்போது எந்தக் கையைத் தூக்கியிருக்கிறான் என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. மறுபடி எறியச் சொன்னார்.